மேல் ஹோஸ்

மார்கழி. ஐந்து மணி. வடக்குச் சித்திரை வீதி.

கோலமாவு ஈரத்தில் ஒட்டியிருக்கிறது. ஒலிபெருக்கியில் திருப்பாவை. கோயிலுக்குப் போகிறவர்களின் வெறுங்கால் சத்தம்.

அம்பாசடரின் கூரையில் பனி. விரல் பட்ட இடத்திலிருந்து ஒரு கோடு இறங்குகிறது.

சோக்கை இழுக்கிறேன். சாவி. இரண்டு தடவை முனகிவிட்டுப் பிடித்துக்கொள்கிறது.

மார்க் 4. பெட்ரோல். 1489 சிசி. இதைச் செய்த உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்துக்குப் பிறகு அம்பாசடர் இல்லை. வீதியில் இதன் சத்தம் இருக்கிறது.

வெப்பம் காட்டும் ஊசி அசையவில்லை.

ஐந்து நிமிடம். அசையவில்லை.

சோக்கை உள்ளே தள்ளினால் திணறுகிறது. மறுபடி இழுக்கிறேன். புகையில் பச்சைப் பெட்ரோல் வாசனை.

மாம்பழச் சாலை. காவிரிப் பாலம். இடப்புறம், கீழே, பனிமூட்டம். சத்திரம் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்புகிறேன். ஊசி கால்வாசியில் நிற்கிறது.

நீண்ட நாளாக இப்படித்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.


நான்கு பிளக்குகளும் கறுப்பு. உலர்ந்த கரி. விரலில் மைபோல ஒட்டுகிறது.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் பசை. மோர் கடைந்த மத்தில் ஒட்டியிருப்பதுபோல. மனம் உடனே ஹெட் கேஸ்கெட்டுக்கு ஓடுகிறது. பயம் வயிற்றில் தெரிகிறது.

ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. அதில் எண்ணெய் மிதக்கவில்லை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் இது ஆவி மட்டும். பெட்ரோல் எரியும்போது பிறக்கும் நீராவி, சூடான என்ஜினில் தங்காது. குளிர்ந்த என்ஜினில் மூடிவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி எண்ணெயைக் கழுவுகிறது. தேய்வது காதில் விழவில்லை.


மறுநாள். இரவு முழுக்க ஆறிய என்ஜின். திறந்த ரேடியேட்டர் வாயில் ஒரு தெர்மோமீட்டர் தொங்குகிறது.

ஸ்டார்ட் செய்துவிட்டு டார்ச் அடிக்கிறேன்.

தண்ணீர் நகர்கிறது.

முதல் நிமிடத்திலேயே.

நகரக் கூடாது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே, சின்ன பைபாஸ் ஹோஸ் வழியாகச் சுற்றிச்சுற்றி வர வேண்டும். 82 டிகிரியில்தான் அதன் கதவு ரேடியேட்டருக்கு வழி விடும். அதுவரை மேல் ஹோஸ் குளிர்ந்திருக்கும். பிறகு சட்டென்று, கை வைக்க முடியாமல் சுடும்.

மேல் ஹோஸில் கை வைக்கிறேன். வெதுவெதுப்பு. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.

பத்து நிமிடம். தெர்மோமீட்டரில் 50. ஊசியும் ஏறத்தாழ அங்கேதான். ஊசி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ரேடியேட்டர் முன்னால் ஓர் அட்டை வைக்கிறேன். ஊசி மெல்ல ஏறுகிறது. எடுக்கிறேன். மெல்ல இறங்குகிறது.

முக்கொம்பு அணை நினைவுக்கு வருகிறது. 2018 ஆகஸ்ட் 22, இரவு. கொள்ளிடத்தின் ஒன்பது ஷட்டர்கள் போய்விட்டன. தடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

வருகிறது. போகிறது.


கீழ்க் குழாயைத் திறந்து வாளியில் பிடிக்கிறேன். புதுவெள்ளத்தின் நிறம்.

ஹெட்டின் முன்பக்கம் மூன்று நட்டு. அரை அங்குல ஸ்பேனர். இரண்டு இளகுகின்றன. மூன்றாவதற்கு எண்ணெய் விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன். தலை துவட்டிக்கொண்டு வந்து திருகுகிறேன். இளகுகிறது.

மூடியைத் தட்டி எடுக்கிறேன். திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கும்.

இல்லை.

வட்டமான இருக்கை. விளிம்பில் துரு. நடுவில் ஒன்றுமில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறாள். "துவரங்குறிச்சிகிட்ட ஆவி ஆவியா வந்ததே. அன்னிக்குக் கழட்டினது." உள்ளே போய்விடுகிறாள்.

மே மாதம். மதுரை சாலை. புளியமரத்தடி. ஈரத் துண்டோடு அப்பா, மூடி ஆறட்டும் என்று நிற்கிறார். நினைவில் இவ்வளவுதான் இருக்கிறது. மெக்கானிக்கின் முகம் இல்லை. கை மட்டும், முழங்கைவரை கறுப்பாக.


பரணில் ஒரு பால்பவுடர் டப்பா. ஆணிகள், ஃபியூஸ், எதற்கென்று தெரியாத ஒரு சாவி. அடியில், காகிதத்தில் சுற்றி, பித்தளையாக ஒன்று. விளிம்பில் 82.

காகிதத்தில் அப்பாவின் கையெழுத்து. கார். ஒரு சொல்.

அடுப்பில் பாத்திரம். நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன், அடி தொடாமல். உள்ளே ஒரு சிமிழில் மெழுகு. சூட்டில் உருகிப் பருத்துக் கதவைத் தள்ள வேண்டும்.

70.

82.

90.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கதவு மூடியே இருக்கிறது.

அன்று மாலை வண்டி வீடு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு எத்தனை வெயில்காலம், இது இல்லாமல். எத்தனை மார்கழி.

ஆறும்வரை உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். டப்பாவுக்கே திரும்பப் போகிறது, அதே காகிதத்தில்.


தை. திருப்பாவை நின்றுவிட்டது.

கேட்டிருந்த உதிரிபாகம் வந்திருக்கிறது. புதியதையும் பாத்திரத்தில் இறக்குகிறேன். 82ஐத் தாண்டியதும் ஒரு கீற்று. 95க்கு அருகே முழுக்கத் திறக்கிறது. அடுப்பை அணைக்கிறேன். எப்போது மூடியது என்று தெரியாமல் மூடிக்கொள்கிறது.

சுருள்வில் என்ஜின் பக்கம். புது கேஸ்கெட். மூன்று நட்டு.

கொள்ளிடத்துப் பக்கமிருந்து மணி. கோயில் யானை திருமஞ்சன நீரோடு வருகிறது. ஐப்பசியில் காவிரியிலிருந்து. மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறேன். குமிழிகள். இன்னும் ஊற்றுகிறேன். குமிழிகள் நிற்கின்றன.

மணி நெருங்குகிறது. கடக்கிறது.

சோக். சாவி.

டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் அசையவில்லை.

ஊசி கிளம்புகிறது.

மேல் ஹோஸில் கை. குளிர்ச்சி.

சோக்கைப் பாதி தள்ளுகிறேன். திணறல் இல்லை.

ஹோஸ் இன்னும் குளிர்ச்சி.

கை அங்கேயே இருக்கிறது.