நாற்கூற்று மருந்தும் மகப்பேறும்

இல்லறத்தின் பேறுகளுள் மக்கட்பேற்றை முன்வைத்துப் போற்றுவது தமிழர் மரபு. வள்ளுவப் பெருந்தகையும் அதற்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்துள்ளார். உரிய காலத்தில் அப்பேறு வாய்க்கப் பெற்றோர் அதைக் குறித்து ஆராய்வதில்லை. காத்திருப்போரே திங்கள்தோறும் ஆராய்கின்றனர். திங்கள்தோறும் நம்பிக்கையை வளர்த்துத் திங்கள்தோறும் அதை இழக்கின்றனர்.

சோதனைக்குழாய் முறை போன்ற பெருஞ்சிகிச்சைகளை நாடாமல், இயற்கையாகவே கருவுற விரும்பும் தம்பதியர் முன் இன்று ஒரு வினா வந்து நிற்கிறது. புரோஜெஸ்டிரோன் மருந்தைத் துணையாகக் கொள்ளலாமா, வேண்டாமா என்பதே அவ்வினா. மாத்திரை சிறிது, வினா சிறிதன்று. ஐயம் தீராத ஒன்றில் மனிதர் எவ்வாறு முடிவெடுத்தல் வேண்டும், அம்முடிவின் சுமையை எவர் தாங்குதல் வேண்டும் என்னும் அறவினாக்கள் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன.

மருந்தின் வரலாறு

முதலில் பொருளை அறிவோம். திங்கள்தோறும் சூலகத்திலிருந்து கருமுட்டை வெளிப்பட்ட பின்னர், அது இருந்த இடத்தில் மஞ்சள் நிறமான சிறு திசு ஒன்று உருவாகிறது. அது சுரக்கும் இயக்குநீரே புரோஜெஸ்டிரோன். கருப்பையின் உட்பூச்சைக் கருவுக்கு ஏற்ற மெத்தையாக மாற்றுவது அதன் பணி. கரு தங்கினால் அச்சுரப்பு தொடரும்; தங்காவிடின் இரு வாரங்களில் ஓய்ந்து மாதவிலக்கு நேரும். கரு தங்கிய ஏழு, எட்டு வாரங்களுக்குப் பின் இப்பணியை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது.

1903இல் லுட்விக் ஃபிரேங்கல் என்னும் ஜெர்மானிய அறிஞர், அம்மஞ்சள் திசுவை அகற்றினால் முயல்களின் கரு நிலைப்பதில்லை என்று காட்டினார். 1929இல் அமெரிக்காவில் கார்னரும் ஆலனும் அதன் சாற்றைக் கொண்டு கருவைக் காத்தனர். 1934இல் அது தூய படிகமாகக் கிடைத்தது. 1943இல் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து அதனைப் பெருமளவில் ஆக்கும் வழியைக் கண்டார்.

இவ்வரலாறு ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறது. "இயற்கையாகக் கருவுற விரும்பும் நாம் செயற்கை மருந்தை நாடலாமா?" எனச் சிலர் தயங்குவர். கிழங்கில் தொடங்கி ஆய்வுக்கூடத்தில் முடிந்த புரோஜெஸ்டிரோன், உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனோடு மூலக்கூறளவில் ஒன்றேயாகும். அதனை இயற்கை என்பதா, செயற்கை என்பதா? மூக்குக்கண்ணாடி அணிவதால் பார்வை பொய்யாவதில்லை. அதுபோல் மருந்தின் துணையால் பிறந்த மகவும் குறைந்த மகவு ஆவதில்லை. ஆகவே, இயற்கையா செயற்கையா என்பது ஈண்டு உரைகல் ஆகாது. வேறோர் உரைகல்லைத் தேடுதல் வேண்டும்.

மூன்று அளவுகள்

அவ்வுரைகல்லை 'மருந்து' அதிகாரமே தருகிறது. நோயுற்றவர், நோய், காலம் ஆகிய மூன்றன் அளவையும் ஆராய்ந்தே மருத்துவர் செயற்படல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. இம்மூன்றையும் நம் வினாவோடு பொருத்திப் பார்ப்போம்.

நோயின் அளவை முதலில் நோக்குவோம். புரோஜெஸ்டிரோன் போதாமையே மலட்டுத்தன்மைக்கு ஒரு காரணம் ஆகலாம் என்ற கருத்து 1949இல் ஜார்ஜியானா ஜோன்ஸ் என்னும் மருத்துவரால் முன்வைக்கப்பட்டது. கருத்து எளியது, நிறுவுதல் அரியது. இவ்வியக்குநீர் இரத்தத்தில் ஒரே சீராக ஓடுவதன்று, அலையலையாகச் சுரப்பது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் அளவு எட்டு மடங்கு வரை மாறக்கூடும். காலை பத்து மணிக்குக் குறைவு என்று காட்டிய இரத்தம், நண்பகலில் நிறைவு என்று காட்டலாம். அத்தகைய ஒற்றைச் சோதனைத் தாளை வைத்துக்கொண்டு, "உன் உடலில் குறை" என்று ஒரு பெண்ணிடம் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? இப்போதாமை தனியொரு காரணமாக நின்று மலட்டுத்தன்மையை விளைவிக்கிறது என்பது நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட கருத்துரை கூறுகிறது. சோதனைக்குழாய் முறையின் நிலை வேறு. அங்குச் சூலகத்தின் இயல்பான சுரப்பே சிகிச்சையால் குலைவதால், இம்மருந்து தேவையாகிறது.

அடுத்தது நோயுற்றவரின் அளவு. காரணம் அறியப்படாமல் மும்முறையோ அதற்கு மேலோ கருச்சிதைவுற்ற 836 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்குப் புரோஜெஸ்டிரோனும், மறு சாராருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் தரப்பட்டன. மருந்து பெற்றோருள் 65.8 விழுக்காட்டினரும், பெறாதோருள் 63.3 விழுக்காட்டினரும் உயிருள்ள மகவைப் பெற்றனர். அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், கருவுற்ற தொடக்கத்தில் உதிரப்போக்கு கண்ட 4,153 பெண்கள் இடம்பெற்றனர். ஆங்கும் மொத்தத்தில் 75க்கு 72 என்னும் அளவிலேயே வேறுபாடு நின்றது. எனினும் முன்னரே மும்முறையோ அதற்கு மேலோ கருவிழந்து, இம்முறையும் உதிரம் கண்ட பெண்களை மட்டும் பிரித்து நோக்கியபோது, 72க்கு 57 என அது விரிந்தது. இதனைக் கருத்திற்கொண்டே, முன்னர்க் கருச்சிதைவுற்று இப்போது உதிரம் காணும் கர்ப்பிணிகளுக்கு இம்மருந்தைத் தரலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை 2021இல் திருத்தப்பட்டது. யாவர்க்கும் பயன் என்பதும் பொய்; எவர்க்கும் பயனில்லை என்பதும் பொய்.

மூன்றாவது, காலத்தின் அளவு. கருமுட்டை வெளிப்படுவதற்கு முன்னரே இம்மருந்தைத் தொடங்கினால், அது கருமுட்டை வெளிப்படுதலையே தடுக்கக்கூடும். கருப்பை வாயின் நீரையும் தடிக்கச் செய்து கருத்தரிப்பதற்கு இடையூறாகக்கூடும். பேற்றுக்காக உட்கொண்ட மருந்தே பேற்றுக்குத் தடையாவதும் உண்டு. ஆதலின் அண்டை வீட்டார் கூறினர் என்றோ, தமக்கைக்குப் பலித்தது என்றோ தாமே வாங்கி உண்பது தகாது. மருத்துவர் காரணம் காட்டி எழுதித் தந்ததைத் தாமே நிறுத்துவதும் அங்ஙனமே தகாது.

தீங்கில்லையே என்னும் வாதம்

"பயன் ஐயத்துக்குரியதாயினும் தீங்கில்லையே, உண்டுதான் பார்க்கலாமே" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இது கனிவான வாதம்; ஆயினும் எச்சரிக்கையோடு அணுகத்தக்கது. கருச்சிதைவைத் தடுக்குமென்று டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை இயக்குநீரை 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர்கள் ஏராளமாகத் தந்தனர். அதனால் பயனில்லை என்று 1953இல் சிகாகோவில் நடந்த பெரியதோர் ஆய்வு காட்டிற்று. அதன் பின்னரும் அப்பழக்கம் ஓயவில்லை. 1971இல், அம்மருந்தை உண்ட தாயர்க்குப் பிறந்த பெண்மக்கள் சிலரிடம் அரிய புற்றுநோய் தோன்றியது வெளிப்பட்ட பின்னரே அது கைவிடப்பட்டது.

புரோஜெஸ்டிரோன் அத்தகைய நஞ்சன்று. இரண்டையும் ஒன்றாக்குதல் முறையாகாது. ஆயினும் அவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றுண்டு. அம்மருந்தைத் தந்தோர் கொடியோர் அல்லர். துயருற்ற பெண்ணின் முன் வெறுங்கையோடு நிற்க மனமில்லாதோர். ஏதேனும் செய்தாக வேண்டும் என்னும் இரக்கம், எதைச் செய்கிறோம் என்னும் ஆராய்ச்சியை முந்திக்கொண்டது.

மேலும், தீங்கு என்பது உடலுக்கு நேர்வது மட்டுமன்று. புரோஜெஸ்டிரோன் சோர்வையும், மார்பில் கனத்தையும் தரும்; மாதவிலக்கையும் சில நாள் தள்ளிப்போடும். இவை யாவும் கருவுற்ற குறிகளை ஒத்தவை. நான்காண்டுகளாகக் காத்திருக்கும் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். நாள் தள்ளிப்போகிறது, உடல் தளர்கிறது, அவள் உள்ளத்தில் தொட்டில் ஆடத் தொடங்குகிறது. பின்னர் ஒரு காலையில் அத்தனையும் மருந்தின் வேலை என்று தெளிகிறது. ஆய்வுப் பட்டியல் எதிலும் இத்துயருக்குப் பத்தி இல்லை. மருந்து எழுதும்போதே இதனை முன்கூட்டிச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. கேட்டறிவது கணவனின் கடமை.

நான்காவது கூறு

மருத்துவம் என்பது நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்கு கூறுகளை உடையது என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. நாமோ மருந்து ஒன்றையே மருத்துவமாகக் கருதுகிறோம். மகப்பேற்றுத் தாமதத்தில் நான்காம் கூறு பெரும்பாலும் உதவியாக நிற்பதில்லை. வழக்கு மன்றமாகவே கூடுகிறது. மருந்தை மறுத்த பெண் கருவிழந்தால், "உண்டிருந்தால் தங்கியிருக்கும்" என்கிறது அம்மன்றம். உண்டும் இழந்தால், "வேளை தவறி உண்டிருப்பாள்" என்கிறது. இரு தீர்ப்பிலும் குற்றவாளி ஒருத்தியே. தொடக்க நாள்களில் நேரும் கருச்சிதைவுகளுள் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிறழ்ச்சியால் நேர்பவை. தாய் உண்டதாலோ உண்ணாததாலோ நேர்பவை அல்ல. இவ்வுண்மையை ஊரார் அறியாவிடினும் இல்லத்தார் அறிதல் வேண்டும். சொந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டுத் தொலைநகரங்களில் வாழும் நம்மனோர்க்கு உடனிருந்து உதவும் கூறு கணவன் ஒருவனாகவே சுருங்கிவிடுகிறது. அவன் தன் பரிசோதனைக்கு உடன்படாமல் மனைவியின் மாத்திரையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பானாயின், அங்கு மருத்துவம் நிகழவில்லை, விசாரணையே நிகழ்கிறது.

ஆகவே உரைகல் இதுவென்று கூறலாம்: பயன் உறுதியாகாத மருந்தைக் கொள்வதும் தவிர்ப்பதும் இரண்டுமே நேர்மையான முடிவுகளாகலாம். தன் நிலை, நோயின் நிலை, காலம் ஆகியவற்றை அறிந்து, எதிர்பார்க்கத்தக்க பயன் எவ்வளவு என்பதையும் உணர்ந்து, எப்போது நிறுத்துவது என்பதையும் வரையறுத்துக்கொண்டு ஒரு பெண் அம்மருந்தை உண்டால், அது பேராசையன்று. அவ்வாறே அறிந்து அவள் தவிர்த்தால், அது அசட்டையன்று. ஆனால் விளைவு எதுவாயினும் எவர்மீதும் பழி சுமத்துவதில்லை என்று இருவரும் முன்னரே உடன்படாத முடிவு, எத்துணை நன்மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் நன்முடிவாகாது.

முன்னர்க் கூறிய ஆய்வை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். மும்முறைக்கும் குறையாமல் கருவிழந்த பெண்கள், போலி மாத்திரையை மட்டும் பெற்று, நூற்றுக்கு அறுபத்து மூவர் தாயாயினர். அவர்களை அங்குக் கொண்டுசேர்த்தவற்றுள் காலமும் பொறுமையும் பராமரிப்பும் இருந்திருக்கலாம். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிய இயலாது. காத்திருத்தல் வெறுமை அன்று என்பதற்கு அவ்வெண் ஒன்றே போதிய சான்று. எஞ்சிய முப்பத்தேழு பெண்களின் துயரையும் நாம் மறத்தலாகாது. அவர்கள் எதையும் தவறவிட்டவர்கள் அல்லர். அவர்களிடம் அதை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லத்திலேயே இருத்தல் வேண்டும். அதுவே நான்காம் கூற்றின் பணி.