ஆட்டத்திற்கு வழிவிடும் அரங்கம்

நம் ஊர் அணி இறுதிப் போட்டியில் ஆடும் மாலையில், அதே ஊரின் நாடகக் குழு திரையை உயர்த்தலாமா? தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் மண்டபம் பிடித்து நாடகம் போடும் அமெச்சூர் குழுவினருக்கு இது வசூல் கணக்கு. நமக்கோ இது கடமை பற்றிய கேள்வியாகப் படுகிறது.

கேள்வி பழையதுதான். கி.மு. 165-இல் ரோமாபுரியில் தெரன்ஸ் என்பார் எழுதிய 'ஹெக்கிரா' அரங்கேறியபோது, குத்துச்சண்டை வீரர்களும் கயிற்றில் நடப்பவனும் வருகின்றனர் என்ற பேச்சு எழ, நாடகம் நின்றுபோயிற்று. கி.மு. 160-இல் மீண்டும் மேடையேற்றினர். வாட்போர் நடக்கப்போகிறதென்ற வதந்தி அதனையும் கலைத்தது. அதே ஆண்டில் மூன்றாம் முறை, முதிய நடிகர் அம்பீவியஸ் துர்பியோ முன்வந்து, அமைதியாகக் கேட்குமாறு அவையோரை வேண்டிக்கொண்ட பின்னரே அது முழுமையாக நடந்தது.

ஊர்ப்பற்று குற்றமன்று. 2023 மே 28-இல் அகமதாபாத்தில் நடக்கவிருந்த ஐ.பி.எல். இறுதிப் போட்டி மழையால் மறுநாளைக்குத் தள்ளிப்போய், நள்ளிரவும் கடந்து, கடைசிப் பந்தில் ஜடேஜா அடித்த நான்கு ஓட்டங்களால் சென்னைக்கு வெற்றியாக முடிந்தது. அதைப் பார்க்க விழித்திருந்தவர்களை யார் குறை கூறுவர்? ஆனால் 28-ஐ ஆட்டத்திற்கு விட்டுக்கொடுத்து 29-இல் மண்டபம் பிடித்த குழு ஏதேனும் இருந்திருப்பின், அதன் பாடு என்ன? எத்தனை முறைதான் ஒதுங்குவது!

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். நாம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் ஜடேஜாவுக்குத் தெரியப்போவதில்லை. அவருடைய பந்தும் மட்டையும் நம்மை எதிர்பார்த்திருக்கவில்லை. மேடையில் நிற்பவனோ ஒவ்வொரு காலி நாற்காலியையும் காண்கிறான். நம் வருகை ஓரிடத்தில் வெறும் எண்ணிக்கை. மற்றோரிடத்தில் அதுவே பாதி நாடகம்.

தாம்பரம் மாநகராட்சியில் இன்று அடங்கியுள்ள பம்மல் எனும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர் சம்பந்த முதலியார். பின்னாளில் நீதிபதியான அவர், படித்தவர்கள் வேடம் கட்டுவது இழிவெனப்பட்ட 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அச்சபை இன்று அண்ணா சாலையில் பொழுதுபோக்குக் கழகமாக விளங்குகிறது. ஒரே மாலையில் அது அவ்வாறு ஆகிவிடவில்லை.

தேதியை மாற்றுவதானால் மாற்றட்டும். சீட்டு வாங்கியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். சொல்லாதவரை அந்த மாலை குழுவினருக்கு மட்டும் உரியதன்று. செங்கல்பட்டில் மின்சார ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கும் முதியவர் ஒருவர் பூட்டிய மண்டபத்தின் முன் நின்றால், "இன்று மேட்ச், ஐயா" என்பது அவருக்குப் பதிலாகுமா?