பொய் சொல்ல ஒரு படிப்பா?

"பொய் சொல்லிப் பிழைக்கதுக்கு மூணு வருசம் படிக்கணுமாக்கும்?"

கேட்டவர் பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வளவு ஆச்சி. பேத்தி பிளஸ் டூவில் நல்ல மார்க். வீட்டார் பி.காம். என்று தீர்மானித்து வைத்திருக்க, அவள் விஸ்காம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகக் காலம் தள்ளிவிட்டு, இப்போது கல்லூரி ஒன்றில் கெஸ்ட் லெக்சரராகச் செய்தி எழுதும் தாளை எடுக்கிறவள். அதனால் பஞ்சாயத்து என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. அப்பாக்காரர் கேட்டதெல்லாம் வேலை கிடைக்குமா, ஃபீஸ் எவ்வளவு, பெண்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் அலையணுமா என்பவைதான். அவற்றுக்குப் பதில் சொல்லிவிடலாம். ஆச்சி விடவில்லை. "டிவியில ஒரு பிள்ளை கிரீமைப் பூசிட்டு ஏழே நாளுல வெளுத்துட்டேங்கா. அதை எடுத்தவனும் இந்தப் படிப்புத்தான படிச்சிருப்பான்? நீ சொல்லு தாயி."

மருந்து விற்கப் போகிற பிள்ளையையோ நிலம் அளக்கப் போகிற பிள்ளையையோ யாரும் இப்படி நிறுத்திக் கேட்பதில்லை. அந்தத் தொழில்களிலும் பொய் புழங்கத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்லை விற்றுச் சாப்பிடுவது என்றால் நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சம் மிகப் பழையது. அதில் நியாயமும் இருக்கிறது.

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சைப் பற்றி வள்ளுவர் ஓரிடத்தில் பேசி முடிக்கவில்லை. இனியவை கூறல் 10ஆம் அதிகாரம், புறங்கூறாமை 19, பயனில சொல்லாமை 20, மூன்றும் இல்லறத்தானுக்கு. சொல்வன்மை 65, அவையறிதல் 72, அவையஞ்சாமை 73. இவை பொருட்பாலில், அமைச்சனுக்கு. விஸ்காமுக்கு வள்ளுவர் பாடத்திட்டம் போட்டிருந்தால் கடைசி மூன்றும் முதல் செமஸ்டரிலேயே வந்திருக்கும். வாய்மை எங்கே இருக்கிறது? 30ஆம் அதிகாரத்தில், துறவறவியலில், கள்ளாமைக்கும் வெகுளாமைக்கும் நடுவே. குடும்பம் நடத்துகிறவனை இனிமையாகப் பேசச் சொன்னவர், மந்திரியைத் திறமையாகப் பேசச் சொன்னவர், வாய்மையை மட்டும் துறவியின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது ஏன்? இயல் பகுப்பு வள்ளுவர் செய்ததா உரைகாரர்கள் செய்ததா என்று ஒரு வழக்கு உண்டு. அதைப் புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு அந்த இடம் பொருத்தமாகவே படுகிறது. நாளிதழ் டெஸ்க்கில் வேண்டுமென்றே பொய் எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கைக்கு வந்த நல்ல தலைப்பை விட மனம் வராதவர்களைத்தான் நிறையப் பார்த்தேன். 'மக்கள் கொந்தளிப்பு' என்று தலைப்பு பிறந்துவிட்டது. நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்காகக் கொந்தளிப்பை விட்டுக்கொடுக்க யாருக்கும் கை வராது. அந்த இடத்தில் விடுகிறவன்தான் துறவி. காவி கட்ட வேண்டியதில்லை.

ஆச்சிக்குச் சாட்சி தேவைப்பட்டால் புத்தரே வருவார். சம்யுத்த நிகாயத்தில் தாலபுடன் என்றொரு நாடகக் குழுத் தலைவன் வருகிறான். ராஜகிருகத்து மூங்கில் தோப்பில் புத்தரைப் பார்க்கிறான். மெய்யும் பொய்யும் கலந்து மேடையில் ஜனங்களைச் சிரிக்க வைக்கிற நடிகன் செத்த பிறகு சிரிக்கும் தேவர்களோடு போய்ச் சேருவான் என்று எங்கள் பழைய ஆசான்கள் சொல்லியிருக்கிறார்கள், தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். அதைக் கேட்காதே, விட்டுவிடு என்கிறார் புத்தர். திரும்பவும் கேட்கிறான், திரும்பவும் மறுக்கிறார். மூன்றாம் தடவை கேட்டதும் சொல்லிவிடுகிறார்: உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆசையும் கோபமும் மயக்கமும் நீங்காதவர்கள். நீ அவற்றையே இன்னும் அள்ளிக் கொடுக்கிறாய். நீயும் மயங்கி அவர்களையும் மயக்குகிறாய். உனக்கு நரகம்தான். தாலபுடன் அழுகிறான். நரகம் என்று சொன்னதற்காக அழவில்லை, இத்தனை காலம் ஆசான்கள் என்னை ஏமாற்றிவிட்டார்களே என்றுதான் அழுகிறேன் என்கிறான். பிறகு பிக்குவாகிறான். தேரகாதையில் அவன் பெயரில் நீளமான பாடல் ஒன்று உண்டு.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிஷம் போனைக் கீழே வைப்பார்கள். புத்தர் அவன்மேல் வைத்த குற்றச்சாட்டைப் பாருங்கள். நீ பொய் சொன்னாய் என்பதைவிட, எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாய் என்பதுதான் அதில் கனமானது. கோபமாக இருக்கிறவனுக்கு அவன் கோபத்துக்குத் தோதான வீடியோவாகப் பார்த்துக் கொடுத்தால் பார்வை எண்ணிக்கை ஏறும். அந்த வீடியோவில் ஒரு வரிகூடப் பொய் இல்லாமல் இருக்கலாம். புத்தரின் எண்வழிப் பாதையில் நல்ல பேச்சு ஓர் அங்கம், நல்ல பிழைப்பு வேறோர் அங்கம். பேச்சையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு ஒன்றில் தவறினால் இரண்டிலும் தவறியதுபோல் ஆகிவிடுகிறது.

ஆனால் ஆச்சியிடம் திருப்பிக் கேட்க எனக்கும் ஒன்று இருந்தது. "பொய் சொல்லக்கூடாதுன்னு ஒங்களுக்கு யாரு ஆச்சி சொல்லித் தந்தா?"

ஆச்சி யோசிக்கவே இல்லை. "அரிச்சந்திரன் நாடகம். ஊர்க்கொடையில விடிய விடிய பாத்திருக்கேன். மயான காண்டத்துல நான் அழுத அழுகையில எங்க அம்மை பயந்துட்டா."

சந்திரமதியாக வந்தவர் மீசையை மழித்த ஆம்பிளை. லோகிதாசன் பாம்பு கடித்துச் செத்த கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காப்பி குடித்திருப்பான். எல்லாருக்கும் கூலி பேசித்தான் கூட்டி வந்திருப்பார்கள். வேஷமும் ஒப்பாரியும் கூலியும் சேர்ந்துதான் ஒரு சிறுமிக்கு வாய்மையைக் கற்றுக்கொடுத்தன. காந்தியும் சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, அதைத் தனக்குள் எத்தனையோ தடவை நடித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தாலபுடனுக்கு நரகம் விதித்த அதே மேடைதான். எனக்குப் புத்தர் சொன்னதும் காந்தி சொன்னதும் சரியாகவே தோன்றுகிறது. ஆச்சிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், வெற்றிலையை மடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

காந்தி பத்திரிகைக்காரராகவும் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் ஆரம்பத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. அதற்காகத் தன் வக்கீல் சம்பாத்தியத்தைக் கொட்டினார். பின்னாளில் 'யங் இந்தியா', 'நவஜீவன்' இரண்டையும் விளம்பரமே வாங்காமல் நடத்தினார். சொல் தொழிலில் துறவு என்றால் இதுதான் உச்சம். எல்லாராலும் ஆகிற காரியமா? இருபத்தொரு வயதில் சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கும் பிள்ளை வாடகை கொடுத்தாக வேண்டும். விளம்பர நிறுவனத்தில் வேலை கிடைத்தால் போகத்தான் செய்யும். அங்கே போயும் எதையாவது விடலாம் என்றுதான் நான் சொல்கிறேன்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது தென் மாவட்டக்காரர்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தண்ணீர் வடிந்ததும் மூன்றாம் வருசப் பிள்ளைகள் ஆல்பத்துக்குப் படம் எடுக்கக் கிளம்பினார்கள். அவர்களில் ஒரு பையன் ஜங்ஷன் பக்கம் ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறான். சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஒரு அம்மா நனைந்த நைட்டியோடு தரையில் உட்கார்ந்து, மகளின் மார்க் ஷீட்டையும் கல்யாண ஆல்பத்தையும் அம்மிக்கல் மேல் விரித்து வைத்து, ஒட்டிப்போன தாள்களை நகத்தால் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் சரியாக அந்த விரல்களில் விழுகிறது. அவன் அமுக்கிவிட்டான். அப்புறம்தான் அந்த அம்மா நிமிர்ந்து, "இந்தக் கோலத்துல எடுக்காதய்யா" என்றிருக்கிறார்.

படத்தை வகுப்பில் போட்டுக் காட்டினான். நான் டெஸ்க்கில் இருந்த காலத்தில் அது முதல் பக்கத்துக்குப் போயிருக்கும். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அந்த அம்மா வேண்டாம் என்ற பிறகு பேச்சே இல்லை என்றார்கள் சிலர். இந்த மாதிரிப் படம் வந்தால்தானே மெட்ராஸ்காரன் கண்ணுக்கே நாம தெரிவோம், நிவாரணம் வரும் என்றார்கள் மற்றவர்கள். நான் 291, 292 என்று குறள் எண்களைப் போர்டில் எழுதினேன். யாருக்கும் தீங்கு செய்யாத சொல்தான் வாய்மை என்பது முதலாவது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்பது அடுத்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்ப நடந்ததை நடந்தபடியே காட்டினாலும், அது அந்த அம்மாவுக்கு வலிச்சா வாய்மை இல்லையா மேடம்?"

வள்ளுவர் கணக்குப்படி இல்லைதான். நடந்ததா இல்லையா என்பது அவருடைய முதல் கேள்வி அல்ல. யாருக்காவது தீங்கு வருமா என்பதே முதல் கேள்வி. ஆனால் இந்த அளவுகோல் பொல்லாதது. ஜனங்கள் பீதி அடைவார்கள் என்று சாவு எண்ணிக்கையை மறைக்கிற அதிகாரியும் இதே 292ஐத்தான் காட்டுவார். நாலு பேர் நன்மைக்காகத்தானே என்பார். அவருக்கு எதிராக நிருபர் நடந்ததை நடந்தபடியே போட்டாக வேண்டும். அதனால் பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்: மறைப்பதால் யார் காப்பாற்றப்படுகிறார், அந்த அம்மாவா, நாற்காலியில் இருக்கிறவரா? காப்பாற்றப்படுகிறவர் பலமில்லாதவர் என்றால் விடலாம். நாற்காலிக்காரர் என்றால் விடக்கூடாது. இதை வள்ளுவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பையன் அந்தப் படத்தை நீக்கிவிட்டு, சேற்றுக் கோடு தெரியும் சுவரை மட்டும் ஆல்பத்தில் வைத்தான். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சுமாரான மார்க் போட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாவின் படம் வெளியே போயிருந்தால் அந்தத் தெருவுக்கு யாராவது முன்னதாக வந்திருப்பார்களோ என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு. அப்படியும் அவன் செய்ததே சரி என்பேன்.

சரி, எந்தக் கோர்ஸ்? பி.எஸ்சி. விஸ்காம் என்றால் ஓவியம், போட்டோகிராபி, எடிட்டிங், விளம்பரம், கடைசியில் ஒரு குறும்படம். பி.ஏ. ஜர்னலிசம் என்றால் எழுத்தும் சட்டமும் கூடுதல். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலும் சேரலாம். பல கல்லூரிகளில் இது சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது. ஃபீஸ் போக கேமரா, லேப்டாப், குறும்படச் செலவு என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பத்திரிகை வேலைதான் லட்சியம் என்றால் பட்டப்படிப்பிலேயே அதைப் படித்தாக வேண்டும் என்றில்லை. சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் எந்தப் பட்டம் முடித்தவரும் டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கலாம். வரலாறோ பொருளாதாரமோ தாவரவியலோ படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும் என்பது என் கட்சி. கேமராவைத் தொடாமல் கை துடிக்கிற பிள்ளையை மட்டும் மூன்று வருசம் காத்திருக்கச் சொல்லாதீர்கள். அது விஸ்காமில் சேரட்டும்.

மதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு ஒரு தகவல். விஸ்காம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது சென்னை லயோலா, சேசு சபையாரின் கல்லூரி. ஊடகங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் தனியாக ஓர் ஆணையே வெளியிட்டது. பிரசங்க மேடை வைத்திருந்தவர்கள் டிவியின் பலத்தை நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள்.

அறம் பற்றிய தாள் அநேகமாக எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. பத்து மார்க் கேள்வியாக வரும். பிரஸ் கவுன்சில், அவதூறுச் சட்டம் என்று மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். அதை நம்பி இடம் பார்க்காதீர்கள். குறளில் கேள்வி 42ஆம் அதிகாரம், சொல்வன்மை 65. கேட்கக் கற்ற பிறகே பேசக் கற்பது என்ற வரிசை அது. அந்த வரிசை நடக்கிற துறையா என்று பாருங்கள். பிள்ளைகள் எழுதியது சிவப்பு மையோடு திரும்பி வருகிறதா, 'இதை யார் சொன்னது' என்று ஓரத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ஒரு ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். லேப்பில் எத்தனை கேமரா என்பதை அப்புறம் எண்ணலாம்.

விண்ணப்பம் போடுமுன் அந்தக் கல்லூரி கேண்டீனுக்குப் போய், மூன்றாம் வருசம் படிக்கிற யாரையாவது பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். இங்கே படித்ததில் எதையெல்லாம் எடுத்தாய், எழுதினாய் என்று கேட்காதீர்கள், அதை அவர்களே போனில் காட்டிவிடுவார்கள். கையில் இருந்தும் எதைப் போடாமல் விட்டாய், ஏன் விட்டாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையை அந்தத் துறை உண்டாக்கியிருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.