அந்த அஞ்சு ரூபாய்

பெரம்பலூர் உழவர் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கினேன். பலகையில் விலை எழுதியிருந்தும், "அஞ்சு ரூபா குறைச்சுக்கங்கம்மா" என்றேன். அந்த அம்மா பேசாமல் குறைத்தார்கள். அடுத்த கடையில் சோப்புக்கு அச்சிட்ட விலையை வாய்திறக்காமல் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் மனசு குத்தியது.

1999-ல் தொடங்கிய உழவர் சந்தையில் தரகர் இல்லை, கமிஷன் இல்லை, விளைவித்தவர்களே விற்கிறார்கள். தரகர் எடுக்காததை நான் எடுக்கலாமா? நடவுக்கூலி, களையெடுப்பு, பட்டறையில் அழுகிய வெங்காயத்தின் நஷ்டம் எல்லாம் அந்த விலையில்தானே அடக்கம்! சரக்கைக் குறைசொல்லி வாங்கிவிட்டுப் பெருமையடிக்கிறவனை நீதிமொழிகள் 20:14 காட்டுகிறது. அவன் நான்தான்.

நமக்கும் கஷ்டம் உண்டு. பெரம்பலூர் வெங்காயமோ அரியலூர் முந்திரியோ, கையில் காசு குறைந்தால் அரைக்கிலோ வாங்குவோம். உழைத்தவர் கூலியைக் குறைக்க வேண்டாம்.