சரிந்த மண்ணில் மனை கோலுதல்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையை ஊடறுத்துச் சென்றபோது 600-க்கும் அதிகமான உயிர்கள் மாண்டன. அவற்றுட் பல, கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மாத்தளையிலும், இருந்த வீட்டோடு மண்ணுக்குள் போனவை. மழை ஓய்ந்து, வெயிலேறி, இடைத்தங்கல் முகாம்களிலிருந்து சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படும் வேளையில் சங்கடமான ஒரு வினா எழுந்தது. சரிந்த மலையின் அடியிலோ, சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்த பக்கத்துச் சரிவிலோ, மறுபடியும் வீடு கட்டிக்கொள்ள விடலாமா?

விடலாகாது என்பதே தர்மம். உயிரைக் கொல்லும் என்று நன்கறியப்பட்ட நிலத்தில் மனை கோல அனுமதிப்பது, அனுமதிப்பவன் எத்துணை இரக்கத்தோடு அதைச் செய்தாலும், பின்னொரு நாள் அங்கே நிகழப்போகும் மரணத்திற்கு இன்றே கையொப்பமிடுவதாகும். சரிந்த மண் ஓய்ந்துவிட்ட மண்ணன்று. பாறையின் மேற் படிந்த உதிரி மண், மழைநீரை உறிஞ்சி உறிஞ்சிக் கனத்து, துணிக்கைகளிடையே நீரின் அழுத்தம் மிகுந்து, தன் பிடியை இழந்து நழுவுகின்றது. நழுவி இறங்கிய குவியலோ முன்னையிலும் இளகிய நிலையில் அடுத்த பெருமழைக்குக் காத்துக் கிடக்கின்றது. நிலத்தில் வெடிப்பு ஓடுவதும், மரங்கள் சாய்வதும், கதவுகள் நிலையிற் சிக்குவதும், இல்லாத இடத்தில் ஊற்றுப் பெருகுவதும் அந்த மண் முன்கூட்டி அனுப்பும் ஓலைகள். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த, இதனை எழுதும் இந்தக் காரைதீவு மண்ணில், புவியியலாளர் வரைந்த மண்சரிவு அபாயப் படத்தைப் பிரமாண நூல்களோடு சேர்த்து வைத்து வாசிப்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை.

நம் பிரமாணங்களும் இதற்கு மாறாகப் பேசவில்லை. வருமுன் காவாதவனின் வாழ்வை நெருப்பின் முன்னிட்ட வைக்கோற்போருக்கு ஒப்பிட்ட வள்ளுவர், வரப்போவதை அறிந்து காப்பதையே அறிவின் இலக்கணமாக அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார். சேக்கிழார், மனுநீதிச் சோழன் வரலாற்றில், அரசன் தன் குடிகளைத் தன்னாலும், தன் பரிசனத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் நேரும் ஐவகை அச்சங்களிலிருந்து காக்கக் கடமைப்பட்டவன் என்று கணக்கிட்டார். காலடி மண்ணே பகையாகும் காலத்தில் அந்த ஐந்தோடு ஆறாவதாக நிலத்தையும் சேர்ப்பது அவர் கருத்துக்கு விரோதமாகாது. இறையனார் களவியலுரை கூறும் கடல்கோள் வரலாற்றில், பழைய மதுரையைக் கடல் கொண்டபின் பாண்டியர் கபாடபுரத்திற்கும், அதன் பின்னர் இன்றைய மதுரைக்கும் பெயர்ந்தார்கள் என்றிருக்கின்றதேயன்றி, அலை விழுங்கிய அதே கரையில் மீண்டும் மாடம் எழுப்பினார்கள் என்றில்லை. கலித்தொகையும் சிலப்பதிகாரமும் இன்னும் ஒரு படி மேலே சென்று, கடல் கொண்ட நிலத்துக்கு ஈடாகப் பாண்டியன் வேறு நிலம் தேடிக்கொண்டான் என்கின்றன. இழந்த மண்ணுக்கு மாற்று மண் தேடுவது ஆள்வோன் பொறுப்பு என்பது இதனாற் பெறப்படும்.

காரைதீவுக்கு வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும். அவ்வூர்ப் பள்ளிவாசல்களில் ஓதப்படும் மார்க்கமும் இதையே பகர்கின்றது. தம்மைத் தாமே அழிவில் இட்டுக்கொள்ளலாகாது என்பது திருக்குர்ஆனின் விலக்கல். சிரியாவை நோக்கிச் சென்ற கலீபா உமர், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதறிந்து வழியிலேயே திரும்ப முனைந்தபோது, இறைவனின் விதியிலிருந்து ஓடுகின்றீரோ என்று தளபதி அபூ உபைதா வினவினார். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே போவதாக உமர் விடையளித்தார். தலையெழுத்து இருந்தால் எங்கே இருந்தாலும் சாவுதான் என்று சொல்லிக்கொண்டு வெடித்த மலையடியில் கூரை வேய்வோருக்கு, இதனினும் தெளிவான மறுமொழி கிடைக்காது.

எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததன் விலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருமுறை செலுத்தப்பட்டாயிற்று. அத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களிலிருந்து மக்களை அகற்றும்படி 2005-லும் 2011-லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மலை இறங்கியது, லயங்கள் புதைந்தன. தப்பியவர்கள் புதிய வீடுகளுக்குப் போவதற்கு இரண்டாண்டு காலம் சென்றது. கேரளத்து மூணாறுக்கு அணித்தான பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் லயத்தோடு மண்ணுக்குள் மறைந்த 70 பேரும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. அவர்கள் தாமே விரும்பித் தேர்ந்த இடத்தில் மாண்டார்கள் என்று எந்த நெஞ்சம் துணிந்து சொல்லும்? லயத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் தோட்டத்துரைமார். ஆகவே, அவரவர் உயிருக்கு அவரவரே எசமான், விரும்பிய இடத்தில் இருக்கட்டும் என்னும் நியாயம் இங்கே வேரற்றுப் போகின்றது. பெரியவர் ஒருவர் தம் உயிரைப் பணயம் வைக்க இசைந்தாலும், தொட்டிலிற் கிடக்கும் சிசுவின் சார்பில் அவ்விசைவை அளிக்க அவருக்கு அதிகாரமில்லை.

பிறந்த மண்ணின் பாசம் பெரிது என்பதையும், இடம் பெயர்ந்தால் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் குலையும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் பாசத்துக்கு உயிர் வேண்டும், படிப்புக்குப் பிள்ளை வேண்டும்.

மலையே இல்லாத காரைதீவிலிருந்து இதனைப் பேச என்ன பாத்தியதை என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் கொள்ளாத அளவு உயிர்களை அம்பாறைக் கரையிற் கொண்டது. காரைதீவும் சாய்ந்தமருதும் கல்முனையும் மருதமுனையும் ஒரே காலைப்பொழுதில் ஒப்பாரி வைத்தன. அதன்பின் கரையிலிருந்து வடகிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் விதித்தது. விதி தக்கதே, அதை நடத்திய விதமே பிழைத்தது. தோணியையும் வலையையும் விட்டுத் தூரப் போகச் சொல்லப்பட்ட கடற்றொழிலாளிக்குப் போவதற்குக் காணி காட்டப்படவில்லை. காணிக்கு நெருக்கடி மிகுந்த இக்கரையில் காணி என்றதும் இனக்கணக்கு எழுந்தது. ஓராண்டு முடிவதற்குள் விதியே தளர்ந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்த 500 வீடுகளோ, யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றமையால், பத்தாண்டுக்கு மேலாகக் குடியேற ஆளின்றிப் புதர் மண்டிக் கிடந்தன. முகாமிற் கிடந்தவன் பார்க்கப் பார்க்கப் பாதுகாப்பான வீடு பாழாவதைக் காட்டிலும் பெரிய அதர்மம் ஒரு தேசத்தில் வேறென்ன இருக்க முடியும்?

அந்தப் பிழை மலையகத்தில் மீளலாகாது. முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரையிலும், காணி வாங்குவதற்கு மேலும் 50 இலட்சம் ரூபா வரையிலும் தருவதாக அரசாங்கம் அறிவித்திருக்கின்றது, நற்செயலே. ஆனால் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் ஒரு பேர்ச் காணிக்கேனும் உறுதி இல்லாத தொழிலாளியை வீட்டுச் சொந்தக்காரராகக் கணக்கிலெடுத்தாலன்றி அத்தொகை அவர் வாசலுக்கு வந்து சேராது. போகாதே என்று தடுக்கும் கை, இங்கே வா என்று இடமும் காட்டவேண்டும். தடையை மாத்திரம் ஏந்திய கை தண்டனையின் கையே. தோட்டங்களின் நிலம் அரசாங்கத்துக்குரியது, கம்பனிகள் குத்தகைக்காரர்களே. ஆதலால் அதே தோட்டத்தில், அதே கொழுந்து மலைக்கு நடந்துபோகும் தூரத்தில், உறுதியான தரையை அளந்தெடுத்துக் கொடுப்பது அரசாங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட காரியமன்று.

காலம் மிகக் குறைவு. ஐப்பசியில் மழை மறுபடி மலையேறும். அதற்கு முன், சிவப்பு எச்சரிக்கை பெற்ற சரிவுகளில் ஒரு சுவரும் எழாதபடி பிரதேச செயலகங்கள் தடுக்கட்டும். அதே நாளில், அதே மேசையில், தடுக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் வேறிடத்துக் காணி உறுதியை வைக்கட்டும்.