அளவும் அறமும்

பெரியது என்பதெல்லாம் பெருமை ஆகுமா? இவ்வினா நூல்களில் மட்டும் எழுவதன்று. நாம் நாள்தோறும் செல்லும் சாலையிலும் எழுகின்றது.

மலாக்கா மாநிலத்திற்கும் டயருக்கும் உள்ள உறவு பழையது. காற்றடைத்த டயருக்கு டன்லப் காப்புரிமை பெற்றது 1888ஆம் ஆண்டில். எட்டாண்டுகள் கழித்து, 1896இல், டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பின்னர் உலகச் சாலைகளில் உருண்ட டயர்களுக்காக நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினர். ஆயினும், அந்த டயர் நமக்குக் கற்பிக்கும் பாடத்தை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

ஜாசின் வட்டாரத்தில் எனக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்து மண்சாலை சேறாகிவிடும்; வண்டி புதையும். எனவே 28 அங்குல விட்டமுடைய டயர்களைக் கழற்றிவிட்டு, 31 அங்குல டயர்களைப் பூட்டினார். தேவையும் உண்மை, சிறிது ஆடம்பர ஆசையும் உண்மை.

மூன்றே அங்குலந்தான். ஆனால், அம்மாற்றம் வண்டி முழுவதிலும் தெரிந்தது. சுக்கான் கனத்தது. வளைவில் முழுதும் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. சக்கரம் பெரிதானதால் பிரேக்கின் பிடி குறைந்தது. வேகமானி 60 என்று காட்டுகையில் வண்டி உண்மையில் 66க்கு மேல் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுக்கான் கைகளில் நடுங்கியது. பல்லாண்டு தேய்ந்திருந்த மூட்டுகள், கூடுதல் எடையைத் தாங்க மாட்டாமல் எழுப்பிய முறையீடு அது.

நண்பர் ஒருவர் எளிய வழி சொன்னார்: நடுக்கத்தை அடக்கும் டேம்பர் ஒன்றைப் பொருத்துவது. பொருத்தியதும் நடுக்கம் நின்றது, தேய்மானமோ நிற்கவில்லை. சில வாரங்களுக்குப் பின், அண்டை வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஏற்றி வருகையில், சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. சுக்கான் அவர் கைகளை உதறித் தள்ளியது. வண்டி கால்வாயின் விளிம்பில் போய் நின்றது. நல்வினைப் பயனாக ஒருவருக்கும் தீங்கில்லை.

பட்டறையில் மூட்டைக் கழற்றிப் பார்த்த முதியவர், "தம்பி, வண்டி உங்களிடம் முன்பே சொல்லியிருக்கிறது, நீங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டீர்கள்" என்றார்.

அறத்தின் வினா இங்கேதான் தொடங்குகின்றது. பெரிய டயர் பூட்டியது அறியாமையால் நேர்ந்த பிழை, அதனை மன்னிக்கலாம். நடுங்கிய சுக்கானின் காரணத்தை அறிய முயலாதது குற்றம். நடுக்கத்தை மறைத்துவிட்டுப் பிறர் பிள்ளைகளை ஏற்றியதோ, குற்றத்தினும் பெரிது. நம் மனச்சான்றும் சுக்கானைப் போன்றதே. அது நடுங்கும்போது காரணத்தைத் தேடுவோர் சிலர். நடுக்கத்தை மட்டும் அடக்குவோர் பலர்.

'என் வண்டி, என் பணம்; இதில் பிறருக்கு என்ன?' எனச் சிலர் வினவலாம். வண்டி அவருடையதே, ஆனால் சாலை எல்லாருடையது. வலியறிதல் அதிகாரத்தில் (குறள் 475) மயிலிறகாலும் அச்சு முறியும் என்று வள்ளுவர் காட்டுகின்றார். மாணவர் அதனை அளவுக்கு மிஞ்சிய பாரம் பற்றியதாகப் படிக்கின்றனர். நாம் மேலும் ஒன்று கேட்போம்: அச்சு முறிகையில் அவ்வண்டியில் இருப்பவர் யார்? எதிரே வருபவர் யார்? தன் வலிமையை அளந்தறிதல் அரசனுக்கு அறிவுடைமை. பிறர் உயிரைச் சுமப்பவனுக்கோ அது கடமை.

இவ்வாறு கூறுவதால், உள்ளதே போதுமென்று இளைஞர் ஒடுங்கியிருக்க வேண்டும் என்பது கருத்தன்று. தோட்டத்து லயங்களிலிருந்து பட்டணங்களுக்குப் பெயர்ந்த நம் சமுதாயம், பெரிய ஆசைகள் இன்றி உயர்ந்திருக்க முடியாது. சேற்றைக் கடக்கப் பெரிய சக்கரம் வேண்டுமென்றால் பூட்டலாம். ஆனால், முதலில் மூட்டைப் பார்த்தல் வேண்டும். வரிசை மாறினால் வளர்ச்சியே ஊறாகிவிடும். குடும்பத்திற்கும் சங்கத்திற்கும் பள்ளிக்கும் இஃது ஒக்கும்.

அவ்விளைஞர் தேய்ந்த மூட்டுகளை மாற்றினார்; பழைய அளவு டயர்களையே மீண்டும் பூட்டினார். டேம்பரையும் கழற்றச் சொன்னார். ஏனென்று கேட்டேன்.

"இனி நடுங்கினால் எனக்குத் தெரிய வேண்டும், ஐயா" என்றார்.