கைதட்டலும் இம்சையோ?

ஐந்தருவியில் நீராடித் திரும்புகையில், தென்காசியை அடுத்த குளக்கரை ஒன்றில் நின்றோம். தை மாத மாலை. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் கருவேல மரங்களில் அடைந்துகொண்டிருந்தன. கூட்டமாகப் பறந்தால்தான் புகைப்படம் அழகாகும் என்றான் பேரன். "கைதட்டு" என்றோம் நாம். கரும்புகையென எழுந்து சுழன்றன. இருட்டிய பின்னும் சில, கிளை கிடைக்காது அலைந்தன.

கல்லெறியவில்லையே, இதில் இம்சை ஏது எனலாம். கவனமின்மையால் பிராணனுக்கு விளைக்கும் கேடே இம்சை என்கிறது உமாஸ்வாதி ஆசாரியரின் தத்வார்த்த சூத்திரம். பிராணன் என்பது மூச்சு மட்டுமன்று. பத்தினுள் உடல்வலிமையும் ஒன்று. பகலெல்லாம் இரைதேடிச் சேர்த்த வலிமையைக் கொண்டே பறவை இரவைக் கடக்கிறது. அதனை ஒரு படத்திற்காக வீணே செலவிடச் செய்தோம். இப்பாடத்தைச் சிறுவர்க்கு எத்தனை முறை நடத்தியிருப்போம்!

படத்தைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டலாமா என்று பேரன் கேட்கிறான். இன்னும் விடை கூறவில்லை.